உங்கள் வீட்டில் யாராவது மயங்கி விழுவதுண்டா?

தூக்கத்தில் இறந்துபோகும் குழந்தைகளைப் பரிசோதித்து, மரணத்துக்கான காரணத்தை எழுதும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

என் மகன் 11 வார வயதில் தூக்கத்தில் இறந்துபோனான். தனித் தொட்டிலில், மல்லாந்து படுத்தபடி, முகத்தருகில் துணியோ தலையணையோ எதுவும் இல்லாமல். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. இரவு 2 மணிக்குப் பால் குடித்தான். ஐந்தே முக்காலுக்கு நான் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

உங்களில் ஒருவர்தான் அவனைப் பரிசோதித்தார். கவனமாகவே செய்தார், அதில் எனக்குக் குறை இல்லை. மூளை இயல்பு, நுரையீரல் இயல்பு, இதயம் இயல்பு என்று வரிசையாக எழுதியிருந்தார். இதயத்தின் எடையைக்கூட கிராம் கணக்கில் எழுதியிருந்தார். கடைசி வரி: காரணம் கண்டறியப்படவில்லை, திடீர் சிசு மரணம்.

அதற்கு முன்னால் எங்களிடம் நிறையக் கேள்விகள் கேட்கப்பட்டன. கடைசியாக அவனைப் பார்த்தது யார்? எப்படிப் படுக்க வைத்தீர்கள்? மெத்தை கெட்டியா, மெத்தென்று இருக்குமா? வீட்டில் யாராவது புகைபிடிப்பார்களா? பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள்? அன்றைக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு குற்றச்சாட்டு மாதிரி கேட்டது. அவை எல்லாமே கேட்க வேண்டியவை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. உங்கள் குடும்பத்தில் யாராவது காரணம் தெரியாமல் மயங்கி விழுவதுண்டா?

கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இருந்தது. என் தங்கை பள்ளி நாட்களிலிருந்து அப்படி விழுவாள். விடியற்காலையில் அலாரம் அடிக்கும், திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள், அப்படியே சரிவாள். கை கால் வெட்டும். வலிப்பு என்றார்கள். 6 வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டாள். என் மகன் போய் 3 வருடம் கழித்து அவளுக்கு ஒரு சின்ன அறுவை சிகிச்சை நடக்க இருந்தது. அதற்கு முன் எடுத்த ஈசிஜியைப் பார்த்த மயக்க மருந்து மருத்துவர் நின்று நிதானமாக அளந்து பார்த்துவிட்டு, "இதில் க்யூ.டி. நீளமாக இருக்கிறதே, இதற்கு முன் யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டார். அந்த நூலைப் பிடித்துப் போனதில் முதலில் அவள், அடுத்து நான், அப்புறம் மகனுக்குப் பின் பிறந்த என் மகள். மூன்று பேருக்கும் நீள் க்யூ.டி. நோய், இதயத்தின் மின்சாரத்தில் வரும் பரம்பரைக் கோளாறு. நான் வாழ்க்கையில் ஒரு முறைகூட மயங்கியதில்லை.

இந்தக் கோளாறு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. என் மகனுக்கு இருந்ததா? தெரியாது. இனி தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அவனிடமிருந்து எடுத்ததில் மிஞ்சியிருந்தது ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த திசுத் துண்டுகள் மட்டும்தான். அதிலிருந்து மரபணுவைப் படித்துப் பார்க்க முயன்றார்கள். சிதைந்துபோயிருக்கிறது, முடிவு சொல்ல முடியாது என்று தாள் வந்தது.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னைப் போன்ற பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

இதயம் ஒரு முறை சுருங்கியதும் அடுத்த துடிப்புக்கு முன் தன் மின்னூட்டத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். ஈசிஜி தாளில் கீழறைகளின் மின் கிளர்ச்சி தொடங்கும் இடத்திலிருந்து இந்த மீட்சி முடியும் இடம்வரை உள்ள நேரத்தைத்தான் க்யூ.டி. இடைவெளி என்கிறோம். இதயத் தசை உயிரணுக்களின் சவ்வில் சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் போய்வர மிக நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சரியான நேரத்தில் மூடவில்லை அல்லது திறக்கவில்லை என்றால் மீட்சி தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குள் அடுத்த துடிப்பு வந்து விழுந்தால் தாளம் குலையும். கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும். இரத்தம் எங்கும் போகாது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

முடிந்த பிறகு அந்த இதயத்தை எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும்? தசை நன்றாக இருக்கும். வால்வுகள் நன்றாக இருக்கும். இரத்தக் குழாய்களும் அப்படியே. நுண்ணோக்கியில் வைத்தாலும் அதே கதைதான். கோளாறு மின்சாரத்தில் இருந்தது, அந்த மின்சாரம் உயிரோடு போய்விட்டது. இதயம் இயல்பு என்று நீங்கள் எழுதும்போது கண்ணால் பார்த்ததை நேர்மையாக எழுதுகிறீர்கள். அதைப் படிக்கும் தாயோ இதயத்தில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறாள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். 3 வருடம்.

அது ஏன் தூக்கத்தில், அதுவும் அந்தச் சில மாதங்களில்? திடீர் சிசு மரணங்களில் பெரும்பாலானவை முதல் 6 மாதத்துக்குள் நடக்கின்றன. 2 முதல் 4 மாதம் வரையிலான காலம் உச்சம். குழந்தையின் தூக்கத்தில் இரண்டு வகை உண்டு. கண்கள் இமைக்குள் உருளும் துடிப்பான தூக்கத்தில் இதயத் துடிப்பு ஏறி இறங்கி ஒழுங்கற்று ஓடும். அமைதித் தூக்கத்தில் துடிப்பு குறைந்து மூச்சோடு சேர்ந்து ஆடும், மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாக, விடும்போது சற்று மெதுவாக. இந்த ஆட்டம் நல்லது. மூளைத்தண்டும் அங்கிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பும் இதயத்தோடு பேசிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. பின்னாளில் இறந்துபோன சில குழந்தைகளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த பதிவுகளைத் திரும்பிப் பார்த்தபோது, துடிப்பு வேகமாகவும் இந்த ஆட்டம் குறைவாகவும் இருந்தது தெரியவந்தது. குப்புறப் படுத்துத் தூங்கும் குழந்தையிடமும் ஆட்டம் குறைகிறது, துடிப்பு கூடுகிறது, விழித்துக்கொள்வது கடினமாகிறது.

க்யூ.டி. இடைவெளியும் இதே பருவத்தில் மாறுகிறது. பிறந்தபோது இருந்ததைவிட நீண்டு, ஏறத்தாழ 2-ஆம் மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, 6-ஆம் மாத வாக்கில் பழைய அளவுக்குத் திரும்புகிறது. நல்ல இதயத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கெனவே வாசல் ஒன்று பழுதான இதயத்துக்கு இது ஆபத்தான சில வாரங்கள். எஸ்சிஎன்5ஏ என்ற மரபணுவில் வரும் சோடியம் வாசல் கோளாறில் துடிப்பு மெதுவாகும்போதுதான் இடைவெளி இன்னும் நீளும். அதனால் அந்த வகைக்கு ஓய்வும் உறக்கமுமே ஆபத்து வேளை.

இத்தாலியில் பீட்டர் ஷ்வார்ட்ஸ் தலைமையிலான குழு 1976 முதல் 1994 வரை 34,442 பச்சிளங்குழந்தைகளுக்குப் பிறந்த 3-ஆம் அல்லது 4-ஆம் நாளில் ஈசிஜி எடுத்தது. அவர்களில் 33,034 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனிக்க முடிந்தது. 34 பேர் இறந்தார்கள், 24 பேருக்குத் திடீர் சிசு மரணம். அந்த 24 பேரில் 12 பேருக்குத் துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய க்யூ.டி. 440 மில்லிவிநாடியைத் தாண்டியிருந்தது. வேறு காரணங்களால் இறந்த 10 பேரில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. 1998-இல் வெளிவந்த அந்த ஆய்வை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஈசிஜி எடுக்கலாமா என்ற வாதம் நடந்தது. 440-ஐத் தாண்டிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாக வளர்ந்தார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை.

என்னை உலுக்கியது 2000-இல் அதே குழு எழுதிய ஒரே ஒரு குழந்தையின் கதை. வயது 44 நாள். பெற்றோர் பார்த்தபோது நீலம் பாரித்து, மூச்சும் நாடியும் இல்லாமல் கிடந்தது. மருத்துவமனைக்குத் தூக்கி ஓடினார்கள். அங்கே ஈசிஜியில் கீழறை நடுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது. பிறகு பார்த்தால் நீள் க்யூ.டி., எஸ்சிஎன்5ஏ மரபணுவில் பிழை. பெற்றோர் இருவருக்கும் அந்தப் பிழை இல்லை, குழந்தையிடம் புதிதாக வந்திருந்தது. கொஞ்சம் தாமதமாகப் பார்த்திருந்தால் அந்தக் குழந்தை உங்கள் மேசைக்கு வந்திருக்கும். இதயம் இயல்பு, காரணம் தெரியவில்லை என்று நீங்களும் எழுதியிருப்பீர்கள்.

இதை நான் மிகைப்படுத்தக் கூடாது. நார்வேயில் திடீர் சிசு மரணம் என்று முடிவான 201 குழந்தைகளை மரபணு முறையில் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டபோது, நீள் க்யூ.டி. தொடர்பான மரபணு மாற்றங்கள் 9.5 சதவீதம் பேரிடம் இருந்தன. பிற்பாடு கடுமையான அளவுகோல்களை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் இந்தப் பங்கு இன்னும் குறைந்தது. ஆக, பத்தில் ஒன்று, அல்லது அதற்கும் கீழே. மற்றக் குழந்தைகளின் கதை வேறு. பாஸ்டனில் ஹன்னா கின்னி குழுவினர் பல குழந்தைகளின் மூளைத்தண்டில், நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் அமைப்பில் குறைபாட்டைக் கண்டார்கள். மூச்சு முட்டும்போது விழித்துத் தலையைத் திருப்ப வேண்டும் என்ற கட்டளை அங்கிருந்துதான் வர வேண்டும். அதனால் இந்த மடலைப் படித்துவிட்டு, எல்லாம் மரபணு, எப்படிப் படுக்க வைத்தால் என்ன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1990-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 130 என்றிருந்த திடீர் சிசு மரணம் பாதிக்கும் கீழே வந்ததில் குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்கும் பழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இடைவெளி நீண்ட குழந்தையையும் மல்லாத்தித்தான் படுக்க வைக்க வேண்டும். என் மகளை அப்படித்தான் வளர்த்தேன்.

காலில் மாட்டும் துடிப்புக் காட்டிகளைப் பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். ஆரோக்கியமான குழந்தைகளுக்கே மூச்சு நிற்பதும் துடிப்பு இறங்குவதும் அடிக்கடி நடக்கும் என்று 1,079 குழந்தைகளை வீட்டிலேயே கண்காணித்த அமெரிக்க ஆய்வு 2001-இல் காட்டிவிட்டது. திடீர் சிசு மரணத்தைத் தடுக்கலாம் என்று நம்பி இவற்றை வாங்க வேண்டாம் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் நிலை. அது போதும்.

சரி, பத்தில் ஒன்றுகூட இல்லாத ஒரு காரணத்துக்காக ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்? மற்றக் காரணங்கள் எதுவானாலும் இறந்த குழந்தையோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. இது முடிவதில்லை. அதே வீட்டில் இன்னொரு தொட்டிலில், இன்னொரு அறையில், அலாரம் வைத்துவிட்டுத் தூங்கும் ஒருத்தியிடம் அது உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு மருந்து உண்டு. இதயத்தின் படபடப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை என் மகள் தினமும் சாப்பிடுகிறாள். எந்த ஆன்டிபயாட்டிக் கூடாது, வாந்திக்கு எந்த மருந்து கூடாது என்ற பட்டியல் என் கைப்பையில் இருக்கிறது. என் தங்கை வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாள், படுக்கையருகே அலாரம் வைப்பதில்லை. என் மகன் இறந்ததற்கும் இதெல்லாம் தெரியவந்ததற்கும் இடையிலான 3 வருடத்தில் அவள் எத்தனை முறை விழுந்திருப்பாள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. என் மகளும் அந்த 3 வருடத்துக்குள்தான் பிறந்தாள். 2-ஆம் மாதத்தை, 3-ஆம் மாதத்தை, மருந்தில்லாமல், யாருக்கும் தெரியாமல் அவள் தாண்டி வந்திருக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கை கூசுகிறது. காரணம் தெரியவில்லை என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் தாயின் மேல் ஒரு நிழல் விழும். ஆஸ்திரேலியாவில் கேத்லீன் ஃபோல்பிக்குக்கு 1989-க்கும் 1999-க்கும் இடையில் நான்கு குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தன. 2003-இல் அவரே அவர்களைக் கொன்ற குற்றவாளி என்று சிறைக்கு அனுப்பினார்கள். கரோலா வினுவேசா என்ற மரபணு விஞ்ஞானியும் சக ஆய்வாளர்களும் சேர்ந்து, இறந்த இரண்டு மகள்களிடமும் கேல்ம்2 என்ற மரபணுவில் தாயிடமிருந்து வந்த மாற்றம் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். இதயத் தாளத்தைக் குலைக்கக்கூடிய மாற்றம் அது. 2023 ஜூனில் பொதுமன்னிப்பு, அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்புகளே ரத்து. 20 வருடம் போய்விட்டது. சேமித்து வைத்த மாதிரிகள் இருந்ததால்தான் அந்தக் குழந்தைகளின் மரபணுவைப் படிக்க முடிந்தது.

இங்கிலாந்தில் தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சாலி கிளார்க் என்ற தாய்க்கு எதிராக நீதிமன்றத்தில் ஒரு எண் சொல்லப்பட்டது. ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இப்படி இறக்க 7 கோடியே 30 லட்சத்தில் ஒரு வாய்ப்புதானாம். ஒரு குழந்தை இப்படி இறக்க 8,543-இல் ஒரு வாய்ப்பு என்ற கணக்கை அதனாலேயே பெருக்கி வந்த எண் அது. ஒரு மரணத்துக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை என்றால்தான் அப்படிப் பெருக்கலாம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், மரபணுவைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். அந்தக் கணக்கு தவறு என்று புள்ளியியலாளர்களின் சங்கமான ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி 2001-இல் வெளிப்படையாகச் சொன்னது. 1999-இல் தண்டிக்கப்பட்ட அவர், வெளியே தெரிவிக்கப்படாத மருத்துவப் பரிசோதனை முடிவுகள் தெரியவந்த பிறகு 2003-இல் விடுதலையானார். 2007-இல் இறந்தே போனார். என்னை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. ஆனாலும் உறவினர் ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசிய நாட்கள் உண்டு.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. இறந்த குழந்தையிடமிருந்து கொஞ்சம் இரத்தத்தை, உறையாமல் காக்கும் அந்த இளஊதா மூடிக் குழாயில் எடுத்து வையுங்கள், மண்ணீரலில் ஒரு சிறு துண்டை உறைநிலையில் வையுங்கள். அன்றே பரிசோதிக்க வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கட்டும். பிறந்தபோது குதிகாலில் குத்தி இரத்தப் பொட்டு எடுத்த அட்டை எங்காவது இருந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிடாதபடி ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்கள். அப்புறம் அறிக்கையிலேயே எழுதுங்கள்: பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் இதயத் தாளம் பார்க்கும் மருத்துவரிடம் ஈசிஜி எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு ஈசிஜி இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. மாதிரிகளைப் பாதுகாப்பதும் நெருங்கிய உறவினர்களைப் பரிசோதிப்பதும் ஹார்ட் ரிதம் சொசைட்டியும் ஆசிய பசிபிக் இதயத் தாளச் சங்கமும் 2020-இல் சேர்ந்து வெளியிட்ட நிபுணர் பரிந்துரையிலேயே இருப்பவை. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை.

மரபணு அறிக்கையில் அர்த்தம் தெளிவாகாத மாற்றங்களும் வரும் என்பது எனக்குத் தெரியும். அரைகுறை முடிவை வைத்து ஒரு குடும்பத்துக்கே நோய் முத்திரை குத்திவிடக் கூடாது. அதனால் தாளைத் தபாலில் அனுப்பாமல் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள். தெரியாது என்றாலும் தெரியாது என்று நேரில் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் அந்தக் கேள்வி. அதை விரிவாகக் கேளுங்கள். மயங்கி விழுவதுண்டா? சத்தம் கேட்டால், பயந்தால், ஓடினால், நீந்தினால்? மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு யாருக்காவது உண்டா? நன்றாக நீந்தத் தெரிந்தும் தண்ணீரில் மூழ்கிப்போனவர்கள் உண்டா? பிறவியிலேயே காது கேளாதவர்கள்? சின்ன வயதில் தூக்கத்திலேயே போனவர்கள்? கேட்டுவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள். குழந்தையை இழந்து உட்கார்ந்திருக்கும் தாய்க்கு, எங்கோ வேறு வீட்டில் அலாரத்துக்குத் திடுக்கிட்டு விழும் தங்கை நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும். அன்று பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டு மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்